வியாழக்கிழமையிலிருந்து

விரலில் காயம் எதுவும் இல்லை. ஆனாலும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் கோபிகா வலது கை ஆள்காட்டி விரலில் ஒரு பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டாள், ஒன்று போதாதென்று கட்டைவிரலில் இன்னொன்று. "தேங்காய நார் இல்லாம வழவழன்னு தேச்சுக் குடுடி" என்று அம்மா சொன்னபோது விரலைத் தூக்கிக் காட்டினாள். "பூவையாவது தொடு" என்றபோதும் தூக்கிக் காட்டினாள். குத்துவிளக்கைப் புளி போட்டு விளக்கச் சொன்னபோது, புளி பட்டால் எரியும்மா என்றாள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் பயம். அம்மா தமிழ்ச்செல்வி வாய் ஓயாமல் வைதுகொண்டிருக்கும் வரை அந்த வீட்டில் யாருக்கும் ஆபத்தில்லை. வாயை மூடிக்கொண்டு பார்க்க ஆரம்பித்தால் யாரோ ஒருவர் மாட்டினார் என்று அர்த்தம். அம்மா பிளாஸ்திரியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், பிறகு அவள் வயிற்றைப் பார்த்தாள். ஒரே ஒரு விநாடிதான். அதற்குள் கோபிகா டம்ளர்களை அள்ளிக்கொண்டு நகர்ந்துவிட்டாள். இப்போது கொல்லைப்புறத்தில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, வரப்போகிறவர்களுக்கு டீ கொடுக்கிற டம்ளர்களை விளக்கிக்கொண்டிருக்கிறாள். டீ டம்ளரைத் தொட்டால் தப்பில்லை, சாமி காரியத்துக்கு அது போகாது என்று அவளாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள். சோப்புத்தூள் பிளாஸ்திரிக்குள் போய் நுரைத்தபோதுதான் உறைத்தது. புளி எரியும் என்றவளுக்கு சோப்புத்தூள் எரியாதா? அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து இதைப் பார்த்திருப்பாளா? பார்த்திருந்தால் ஏன் கேட்கவில்லை? கேட்காமல் எதைச் சேர்த்து வைத்துக்கொண்டிருக்கிறாள்?

கோபிகா மறைத்துக்கொண்டிருந்தது ஒரு சின்ன விஷயம். மற்ற வீட்டுப் பெண்கள் மாதாமாதம் சலித்துக்கொண்டு சொல்லிவிட்டு மறந்துபோகிற விஷயம். வியாழக்கிழமை மூன்றாவது பீரியடில் அவளுக்குத் தீட்டு வந்துவிட்டது, இன்று சனிக்கிழமை, வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அவளுடைய அப்பா கார்த்திகை முதல் தேதி மாலை போட்டு இன்றோடு நாற்பது நாள். சாயங்காலம் ஐந்து மணிக்கு இந்த வீட்டு முன்னறையில் அவருக்கு இருமுடி கட்டுகிறார்கள். ஏழு மணிக்கு வேன். இந்த நாற்பது நாளும் அவர் அப்பா இல்லை, சாமி. அம்மாவே "சாமி, குளிக்கத் தண்ணி வெளாவிட்டேன்" என்றுதான் சொல்கிறாள். சாமி இருக்கிற வீட்டில் விலக்கான பெண் இருக்கக் கூடாது. நிழல் படக் கூடாது, குரல்கூடக் காதில் விழக் கூடாது என்கிறார் குருசாமி. பதினெட்டு வருஷம் மலைக்குப் போன மனுஷர், தெரியாமலா சொல்வார். அம்மா அவளுக்கான நாட்களை அடுப்படிக் காலண்டரில் சின்னதாகப் புள்ளி வைத்துக் குறிப்பாள். போன மாதம் புள்ளி வைத்த அன்றே இரண்டு செட் துணியும் புத்தகப்பையுமாக அவளைத் தன் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். அந்த வீட்டில் யாரும் மாலை போடவில்லையே, அதனால். மூன்று நாள் சித்தி வீட்டில் இருந்துவிட்டு, நாலாம் நாள் அங்கேயே தலைக்கு ஊற்றிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. சித்தி கலாவதி ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறவள், காலையில் ஒன்பதுக்குப் போனால் சாயங்காலம் ஆறு. சித்தப்பாவுக்கு மோட்டார் கடை, மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வருவார். இரண்டாம் நாள், அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லாத ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் சாப்பிட வந்தவர் கதவைச் சாத்தினார். அவ்வளவுக்குத்தான் அவள் மனது போகும். கதவு, கொண்டி, பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம், அந்த மிக்ஸி நின்றதும் தன் குரல் வெளியே கேட்டுவிடும் என்று அவள் நினைத்தது, கேட்கவே இல்லை, மிக்ஸி திரும்ப ஓட ஆரம்பித்தது. வேண்டாம் என்று சொன்னாள். சித்தப்பா வேண்டாம் என்று சொன்னாள். அதை எத்தனை தடவை சொன்னாள் என்பதில்தான் இப்போது சிக்கிக்கொண்டிருக்கிறாள். மூன்றா, நாலா? நாலு என்றால் கொஞ்சம் பரவாயில்லை போலவும், மூன்று என்றால் தன்மேல் ஏதோ தப்பு இருப்பது போலவும். என்ன கணக்கோ இது. ஒரு தடவை சொன்னதே போதாதா என்று அவளிடம் சொல்ல அங்கே ஆள் இல்லை.

பிறகு அந்த ஆள் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னது மட்டும் எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை, கணக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி சொன்னார். "இங்க பாரு பாப்பா, இந்தப் பேச்சு உங்கப்பா காதுல விழுந்துச்சுன்னு வையி, அவுக மாலையக் கழட்டணும். பாதி விரதத்துல மாலையக் கழட்டுனா என்ன ஆகும்னு குருசாமிகிட்டக் கேட்டுப்பாரு." கேட்க வேண்டிய அவசியமே இல்லை. விரதம் கெட்டால் என்ன ஆகும் என்று குருசாமி பஜனை நடக்கிற எல்லா வீட்டிலும் சொல்லியிருக்கிறார். எந்த ஊரிலோ ஒருத்தி விலக்கானதை மறைத்து இருமுடிக்கு அரிசி போட்டாளாம், கம்பம்மெட்டுக் கொண்டையூசி வளைவில் வேன் கவிழ்ந்து அவள் புருஷன் மட்டும் செத்தானாம், மற்ற பதினொரு பேருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லையாம். அந்தக் கதையைக் கேட்கிறபோதெல்லாம் பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கோபிகாவும் போட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போது அந்த வேன் அவள் தலைக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது, வளைவுக்கு வளைவு, அப்பா ஜன்னலோர சீட்டில் இருமுடியை மடியில் வைத்துக்கொண்டு. சொன்னால் மாலை கழலும். சொல்லாவிட்டால் வேன் கவிழும். விலக்கானதை மட்டும் சொல்லி மற்றதைச் சொல்லாமல் விட்டால், அம்மா துணியை எடுத்து வைத்து அதே வீட்டுக்கு அனுப்புவாள், இன்று சாயங்காலமே, அந்த ஆளுடைய வண்டியின் பின்சீட்டில் ஏற்றி. மூன்று பக்கமும் யோசித்துவிட்டாள். டம்ளர்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினாள், திரும்பக் கலைத்து விளக்கினாள்.

வியாழக்கிழமை வந்தபோது முதலில் அழுதுவிட்டாள், சந்தோஷத்தில். அப்படி ஒரு சந்தோஷம் ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு வரக் கூடாது. அதற்கு முன்னால் மூன்று நாள் தள்ளிப்போயிருந்தது. அந்த மூன்று நாளும் உயிரியல் புத்தகத்தின் ஒரே பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடக் கழிவறையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுததை வெளியே நின்ற வகுப்புத் தோழி பெனாசிர் கேட்டுவிட்டாள். வயிற்றுவலி என்று நினைத்துக்கொண்டு பையிலிருந்து நாப்கின் எடுத்துக் கொடுத்தாள், மறுநாளும் கேட்காமலே கொடுத்தாள். ஏன் கேட்காமலே கொடுத்தாள் என்று வெள்ளிக்கிழமை முழுக்க அவளையும் சந்தேகப்பட்டாயிற்று. வீட்டில் பீரோ மேலிருக்கிற பாக்கெட்டைத் தொட முடியாது, அதில் எத்தனை இருக்கிறதென்று அம்மாவுக்குத் தெரியும். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். அந்த ஒன்றைத் தவிர. திங்கட்கிழமை வைக்க வேண்டிய புள்ளியை இன்னும் வைக்கவில்லை என்று தெரியும். மகள் இப்போதெல்லாம் ஒரு நாளைக்கு மூன்று தடவை குளிக்கிறாள் என்று தெரியும். ராத்திரி சரியாகச் சாப்பிடுவதில்லை, கூப்பிட்டால் தூக்கிவாரிப் போடுகிறது என்று தெரியும். நேற்று அவள் குளிக்கப் போன நேரம் போனை எடுத்துப் பார்த்திருக்கிறாள், சார்ஜரில் வேறு பக்கமாகக் கிடந்தது. புத்தகப்பையைக் கவிழ்த்திருக்கிறாள். இதையெல்லாம் கூட்டிக் கழித்து அம்மா ஒரு முடிவுக்கு வந்திருக்கிறாள் என்று கோபிகாவுக்குப் புரிந்தது, அது என்ன முடிவென்றும் புரிந்தது. ஊரில் எந்த அம்மாவும் வருகிற முடிவுதான். ஒரு பையன். டியூஷன் வாசலில் சைக்கிளோடு நிற்கிற எவனோ ஒருவன். இல்லாத அந்தப் பையனைப் பிடிக்கத்தான் அம்மா இரண்டு நாளாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு அலைகிறாள். அவள் தன் தங்கச்சி வீட்டுப் பக்கம் மட்டும் திரும்பிப் பார்க்கவே இல்லை. அங்கே பார்க்க என்ன இருக்கிறது, அவள் பாதுகாப்புக்காகக் கொண்டுபோய் விட்ட இடமல்லவா அது.

வாசலில் வண்டி நின்ற சத்தம் கேட்டது. அந்த வண்டிச் சத்தம் அவளுக்கு ஊரிலிருக்கிற எல்லா வண்டிகளிலிருந்தும் தனியாகக் கேட்கும், பெரிய தெரு முக்கில் திரும்பும்போதே கேட்கும். கையிலிருந்த டம்ளர் நழுவி வாய்க்காலில் விழுந்தது. எடுக்கவில்லை. நடைவழி நேராக இருப்பதால் கொல்லையிலிருந்து பார்த்தால் முன்னறை தெரியும்: வாழைக்கன்று, படம், கறுப்பு வேட்டியில் அப்பாவின் முதுகு, எதிரே தாடியும் துண்டுமாகக் குருசாமி. சித்தப்பா கையில் தூக்குவாளியோடு உள்ளே வந்தார். "மாட்டுக்காரன் வீட்டுலயே நின்னு உருக்கி வாங்கியாந்தேன், சுத்தமான நெய்யி" என்று அவர் சொன்னதும், குருசாமி மோந்துபார்த்துத் தலையாட்டியதும் கேட்டது. அந்த நெய்யைத்தான் தேங்காய்க்குள் ஊற்றி அடைக்கப்போகிறார்கள். அந்த நெய்தான் மலையேறிப்போய் சாமி மேல் விழப்போகிறது. பிறகு அவர் தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அப்பாவின் காலைத் தொட்டார், அப்பா அவர் தலையில் கை வைத்தார், திருநீறு பூசினார். கோபிகா பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தக் கை அந்தத் தலைமேல் இருந்த நேரம் ரொம்ப நீளமாக இருந்தது. அவளுக்கு ஒரு கோபம் வந்தது, இத்தனை நாள் வராத கோபம், அது யார் மேல் என்றுகூட முதலில் தெரியவில்லை. இந்த ஆள் கொண்டுவந்த நெய் சுத்தம். நான் டம்ளரைத் தொட யோசித்துக்கொண்டிருக்கிறேன். குருசாமிக்கு மோந்துபார்த்தால் நெய்யைத் தெரிகிறது, ஆளைத் தெரியவில்லையா? படத்தில் உட்கார்ந்திருக்கிற சாமிக்கு? அப்படி நினைத்ததும் பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கன்னத்தில் நுரை ஒட்டியது.

சித்தி சமையலறைக்கு வந்துவிட்டாள். கண்ணாடி வளையல் சத்தம், சிரிப்பு, "என்னக்கா, வேலையெல்லாம் முடிஞ்சுதா?" சித்தி எப்போதும் நல்லவள், அதுதான் கஷ்டம். அன்றைக்கு ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்தவள் கோபிகா மொட்டைமாடிப் படியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, "ஏன்டி இங்க உக்காந்துருக்க?" என்றாள். உடனே திரும்பி உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்த சித்தப்பாவைப் பார்த்தாள். ஒரு பார்வை. பிறகு டீ போடப் போய்விட்டாள். அந்தப் பார்வையைக் கோபிகா ஒரு மாதமாக எடுத்து எடுத்துப் பார்க்கிறாள். வெறுமனே "இவளுக்கு என்ன?" என்று புருஷனைக் கேட்கிற பார்வையா? இல்லை, தெரிந்த பார்வையா? வெறும் பார்வை என்றால் மறுநாள் ஏன் கடையிலிருந்து அவளுக்கு ஒரு சுடிதார் துணி கொண்டுவந்தாள், பச்சையில் பூப்போட்டது, தீபாவளி முடிந்து ஒரு மாதம்கூட ஆகாதபோது? பிள்ளை இல்லாதவள், ஆசையாகக் கொண்டுவந்திருப்பாள். அல்லது வாயை அடைக்கக் கொண்டுவந்திருப்பாள். அந்தத் துணி இன்னும் தைக்காமல் பீரோவுக்குள் இருக்கிறது. இப்போது சித்தி உள்ளே வாழைப்பழத்தைச் சீப்பு சீப்பாகப் பிரித்துக்கொண்டே சொல்வது கேட்டது. "ஆமாக்கா, கோபி என்ன இந்த மாசம் வரவே இல்ல? போன மாசம் இந்நேரமெல்லாம் வந்துட்டுத் திரும்பியே போயிட்டாளே. நான் நாலு நாளா எதிர்பாத்துக்கிட்டே இருக்கேன்." அம்மாவின் கரண்டி நின்றது. "வருவா, வருவா" என்றாள் அம்மா, சிரித்த மாதிரி. சிரிக்கவில்லை. பின்வாசல் கதவு திறந்தது.

அம்மா குளித்து ஈரத்தலையில் முடிச்சுப் போட்டிருந்தாள், நெற்றி நிறையத் திருநீறு, கொடியில் தனியாக உலர்த்தி எடுத்த மஞ்சள் சேலை. வந்த வேகத்தில் கதவைப் பின்னால் இழுத்துச் சாத்தினாள். கதவு சாத்துகிற சத்தத்துக்குக் கோபிகாவின் முதுகு தானாகச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அதையும் அம்மா பார்த்தாள். "யாருடி அவன்?" என்றாள், அடிக்குரலில். "எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. தேதி அஞ்சு நாளு தள்ளிப்போச்சு. போன்ல ஒண்ணுமில்ல, அழிச்சுட்டியா? யாரு அவன், பேரச் சொல்லு. உங்கப்பா மலைக்குப் போற நாள்ல என் தலையில மண்ணள்ளிப் போட்டுறாத." ஒரே வார்த்தையில் அம்மாவைக் காப்பாற்றலாம் என்று அவளுக்குத் தோன்றியது, அது பொய்கூட இல்லை. "யாருமில்லம்மா. எனக்கு வந்துருச்சு." "எப்ப?" "வியாழக்கிழமையே." அம்மா இரண்டு அடி பின்னால் போனாள். சேலைத் தலைப்பை இழுத்து உடம்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், எங்கே பட்டுவிடுமோ என்று. முகத்தில் முதலில் வந்தது நிம்மதி, அப்பட்டமான நிம்மதி, ஐயப்பா என்று கண்ணை மூடித் திறந்தாள். பிறகுதான் கோபம். "பாவி, மூணு நாளாவா? விரதத்து வீட்டுக்குள்ளயேவா சுத்திக்கிட்டு இருந்த? அந்த மனுசன் மலையேறப் போறாருடி! புத்தி கெட்டுப்போச்சா ஒனக்கு? சரி, சரி, சத்தம் போடாத, யாருக்கும் தெரிய வேணாம். நாலு துணிய எடுத்துப் பையில போட்டுக் கொண்டாரேன். சித்தப்பாவக் கூப்புடுறேன், இப்பவே வண்டியில கொண்டுபோய் விட்டுட்டு வந்துருவாரு." நிம்மதியில் அம்மாவுக்குக் கையும் ஓடியது காலும் ஓடியது. அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது, அம்மா சந்தோஷமாகிவிட்டாள். இந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டாம் என்று கோபிகாவுக்குள் ஒன்று கெஞ்சியது. அப்பா மலையிலிருந்து திரும்புகிற வரைக்கும் ஒரு மூன்று நாள். சித்தி வேலைக்குப் போகிறபோது கூடவே கிளம்பிப் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை? நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. சித்தி கடைக்கு ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. அம்மா கதவுக் கொண்டியில் கை வைத்தாள்.

"அவரு வேணாம்" என்றாள் கோபிகா. "சரி, சித்தியோட நடந்து போ." "அந்த வீடு வேணாம்." "ஏன்டி, போன மாசம் மூணு நாள் நல்லாத்தான இருந்த?" "நல்லா இல்லம்மா." அம்மா திரும்பினாள். அவள் கண் சுருங்கியது, மறுபடி அதே சந்தேகக் கண், இந்தத் தடவை அது எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் கொல்லையெல்லாம் சுற்றிவிட்டு மகளின் முகத்தில் வந்து நின்றது. கோபிகா சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நாலு வாக்கியம்கூட இருக்காது. ரெண்டாம் நாளு மத்தியானம். கதவச் சாத்திட்டாரு. வேணாம்னு சொன்னேன். "பொய் சொல்றியா?" என்றாள் அம்மா. அந்தக் கேள்வி வரும் என்று அவளுக்கு ஒரு மாதமாகத் தெரியும். அதற்கு ஆயிரம் பதில் தயாரித்து வைத்திருந்தாள், பக்கத்து வீட்டு மிக்ஸி, கொண்டி, சட்டைப் பொத்தான், எல்லாம். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "சொன்னா அப்பா மாலையக் கழட்டணும்னு சொன்னாரு" என்று மட்டும் சொன்னாள். அம்மா சுவரில் சாய்ந்துவிட்டாள். அவளுக்குத் தன் தங்கச்சி புருஷனின் குரல் தெரியும், பதமாக, யாருக்கோ நல்லது சொல்வது மாதிரிப் பேசுகிற அந்தக் குரல். இந்தப் பதினைந்து வயதுப் பிள்ளையால் அப்படி ஒரு வாக்கியத்தை யோசித்துச் சொல்ல முடியாது என்பதும் தெரியும். "கலாவுக்குத் தெரியுமா?" என்றாள். "தெரியலம்மா. நெசமாத் தெரியல." நான்தானே அனுப்பிவைத்தேன் என்று அம்மா சொன்னாளா, சொன்னதாகக் கோபிகாவுக்குத் தோன்றியதா, தெரியவில்லை.

முன்னறையில் சரணம் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். குருசாமியின் குரல் அதற்கு மேலாகக் கேட்டது. "வீட்டம்மா வாங்க சாமி, மொதக் கை அரிசி நீங்கதான் போடணும்." அம்மா அசையவில்லை. குருசாமி இரண்டாம் தடவையும் கூப்பிட்டார். செருப்பில்லாத கால்கள் நடைவழியில் வரும் சத்தம், யாருடைய கால் என்று கோபிகாவுக்குத் தெரியும். கதவு தள்ளித் திறந்தது. "மதினி, நேரமாகுது, குருசாமி கூப்புடுறாரு" என்றார் சித்தப்பா, நெற்றியில் அப்பா பூசிய திருநீறோடு. பிறகு அவளைப் பார்த்தார். "பாப்பா ஏன் ஒரு மாதிரி இருக்கு? வேணும்னா நான் வீட்டுல கொண்டுபோய்..."

அம்மா ஓர் அடி முன்னால் வந்தாள். இன்னோர் அடி. சோப்பு நுரையும் ஈரமுமாக இருந்த மகளின் கையை எட்டிப் பிடித்து, இழுத்து, அந்தப் பூஜைச் சேலையோடு சேர்த்து நெஞ்சில் அணைத்துக்கொண்டாள். பிடித்த பிடியில் கோபிகாவுக்கு மூச்சு முட்டியது.

"நான் இவளத் தொட்டுட்டேன். இனிமே அரிசி போட முடியாது" என்றாள் அம்மா. சித்தப்பாவிடம் சொல்லவில்லை, அவரைத் தாண்டி நடைவழிக்கும் முன்னறைக்கும் கேட்கும்படி சொன்னாள், தெருவுக்கே கேட்டிருக்கும். "என்னங்க, அதை அப்படியே வச்சிட்டு எந்திரிச்சு வாங்க. கலா, நீயும் வா." பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள். "நீ எங்கயும் போகாத. அங்கனயே நில்லு."

முன்னறையில் சரணம் பாதியில் நின்றது. அப்பா எழுந்து வருகிற காலடி கேட்டது.